சோளகம் மஸ்கட்டுக்கு வராது

உங்களைப் பெற்ற அம்மாவை, இரண்டு வேளையும் பிரஷர் குளிசை போடுகிற அம்மாவை, நாற்பத்தாறு டிகிரி வெயிலுக்குள் வரச்சொல்லி நீங்களே டிக்கெட் போட்டு அனுப்புவீர்களா? நான் அனுப்பினேன். மூளை நல்லாத்தான் இருந்தது, பட்டமும் இருக்கிறது, போனில் இன்டர்நெட்டும் இருந்தது. இருந்தும் அனுப்பினேன். திட்டுவதென்றால் கொஞ்சம் பொறுங்கள், கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

இன்று காலை முகம் கழுவப் போனேன். இந்த ஊரில் இப்போது நீலக் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வரும், சிவப்புக் குழாயைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர் வரும். பிழையாக வாசிக்கவில்லை, அப்படித்தான். மொட்டைமாடித் தாங்கி வெயிலில் கொதிக்கிறது, அதிலிருந்து நேரே வருவது நீலக் குழாய். சிவப்புக் குழாய்க்கு வரும் தண்ணீர் முதலில் குளியலறைக்குள் இருக்கும் ஹீட்டரில் தங்கி வருகிறது. ஹீட்டரை நிற்பாட்டிவிட்டால் அது நிழலில் கிடந்த தண்ணீர், அவ்வளவுதான். வைகாசியில் ஒருநாள் இது தெரியாமல் நீலத்தைத் திறந்து கையை விட்டுவிட்டுக் கத்தினேன். என் கணவர் சுதன் ஓடிவந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இனி ஐப்பசி வரைக்கும் இப்பிடித்தான். சிவப்பெண்டால் குளிர், நீலமெண்டால் சூடு. பழகிக்கொள்ளும்." இப்போது பழகிவிட்டது. ஆனால் இதை அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

நான் மஸ்கட்டுக்கு வந்தது போன ஐப்பசிக் கடைசியில், கலியாணம் முடிந்த கையோடு. சுதனுக்கு இங்கே கட்டட வேலைத்தளத்தில் மேற்பார்வை. ரூவிப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் வீடு. நான் வந்து இறங்கிய நேரம் இந்த ஊர் மாப்பிள்ளை பார்க்க வந்த வீடு மாதிரி நடித்துக்கொண்டிருந்தது. பின்னேரங்களில் கடற்கரையில் இதமான காற்று, மார்கழியில் ஒரு மெல்லிய சுவெட்டர் போடலாம் போல ஒரு குளிர், மொட்டை மலைகள் எல்லாம் மாலையில் ரோஸ் நிறம். நான் படம் எடுத்து முகநூலில் போட்டேன். கனடாவில் இருக்கும் மச்சாள்மார், லண்டன் மாமா, கொழும்பில் இருக்கும் சிநேகிதிகள் எல்லோரும் ஒரே கேள்வி: எப்ப வந்தால் நல்லம்? புங்குடுதீவில் வளர்ந்தவள் நான், வெயிலைப் பற்றி எனக்கு ஒரு திமிர் இருந்தது. "எப்பவும் வாங்கோ, தீவாருக்கு ஆர் வெயில் காட்டப் போறாங்கள்?" என்று எழுதினேன். நூற்றுக்கணக்கில் விருப்பம் விழுந்தது. அந்த வரியை இப்போது அழித்துவிட்டேன். அழித்து என்ன, எழுதியதை எல்லோரும் பார்த்தாயிற்று.

முதல் பிள்ளைப்பேறு தாய் வீட்டில்தான் என்பது எங்களுக்குள் பேசித் தீர்மானிக்க வேண்டிய விடயமே இல்லை. ஏழாம் மாதம் முடிந்ததும் நான் ஊருக்குப் போவது, ஆவணித் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் பிள்ளை, பிறகு மூன்று மாதம் அம்மாவின் கைச்சாப்பாடு. இதுதான் திட்டம். சித்திரையில் ஒருநாள் இரத்தம் கண்டது. ஸ்கேன் செய்த டாக்டர் நஞ்சுக்கொடி கீழே கிடக்கிறது, பிளேனில் ஏறவே கூடாது, பெரும்பாலும் ஒப்பரேஷன்தான் என்றார். சொல்லிவிட்டு மிகவும் இயல்பாக அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் வெளியே வந்து கதிரையில் இருந்தேன். சுதன் பக்கத்தில் இருந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அப்போதே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது, அம்மா வரவேண்டும். அம்மா இல்லாமல் அந்த மேசையில் நான் படுக்கமாட்டேன்.

அம்மா வருவதென்றால் எப்போது வருவது? பிள்ளை வரும் மாதம் ஆவணி. இங்கே அது நெருப்பு. அதுகூட அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது, கேள்விப்பட்டது மட்டும்தான். கிளினிக்கில் ஸல்மா என்று ஓர் ஓமானி நர்ஸ். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருக்கலாம். இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே நிறையச் சிரிப்பாள். அவளிடம் என் இங்கிலிஷைத் துண்டு துண்டாக வெட்டிக் கேட்டேன்: மதர் கமிங், விச் சீசன் பெஸ்ட்?

"மம்மா கமிங்? கரீஃப்! கம் கரீஃப்!" என்று கைகளை விரித்தாள். "ரெயின், ஃபாக், எவ்ரிதிங் கிரீன். வெரி கோல்ட், வல்லாஹி!"

"கரீஃப் வென்?"

"ஜூலை, ஆகஸ்ட். பெஸ்ட், பெஸ்ட்."

வீட்டுக்கு வரும் வழியிலேயே தேடிப் பார்த்தேன். ஓமான், கரீஃப். பச்சை மலை, பால் போல மூடுபனி, புல்லு மேயும் மாடுகள், குடை பிடித்துச் சிரிக்கும் குடும்பங்கள். தென்மேல் பருவக்காற்று கொண்டுவரும் மழை என்று போட்டிருந்தது. தென்மேல் காற்று! எங்களுக்கு அதன் பெயர் சோளகம். வைகாசி பிறந்தால் தீவுக்குள் சோளகம் இறங்கும். அதுவரை காண்டாவன வெயில் ஆளைப் பொரிக்கும். பிறகு ஒருநாள் காலையில் எழும்பினால் பனை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து சரசரக்கும், கொடியில் போட்ட உடுப்பு அடுத்த வளவுக்குப் போய்விடும், வேலணைக்குப் போகும் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓடினால் கடல் வந்து முகத்தில் தெறிக்கும். வள்ளக்காரருக்கு அது கெட்ட காலம். வீட்டில் இருக்கும் எங்களுக்கு மாமரத்துக்குக் கீழே பாயைப் போட்டால் சொர்க்கம். அந்தச் சோளகம்தான் இங்கேயும் வருகிறது, பெயர்தான் கரீஃப் என்று நான் முடிவு கட்டினேன். படத்துக்குக் கீழே எந்த இடம் என்று சின்ன எழுத்தில் இருந்ததை நான் வாசிக்கவில்லை.

அன்றைக்கே அம்மாவுக்கு எடுத்தேன்.

"அம்மா, ஆடியில வாங்கோ. இஞ்ச அப்ப சோளகமாம்."

"உங்கயும் சோளகம் வாறதே?"

"ஓம், அரபியில வேற பேர் வச்சிருக்கிறாங்கள்."

"பேந்தென்ன," என்றார் அம்மா, பெரிய கவலை ஒன்று இறங்கிய குரலில். "சோளகமெண்டால் எனக்கு ஒரு பயமும் இல்லை. நான் உந்தக் காண்டாவனத்துக்குத்தானே பயந்து கிடந்தனான்."

அம்மா பயந்ததற்குக் காரணம் இருக்கிறது. போன வருடம் காண்டாவனத்துக்குள், மத்தியானம், ஆட்டுக்குக் குழை வெட்டவென்று கொக்கைத்தடியோடு பின்வளவுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஆடு கத்துகிற சத்தம் கேட்டுத்தான் அப்பா போய்ப் பார்த்தாராம். வேலியோரம் விழுந்து கிடந்திருக்கிறார், உடம்பு அனலாய்ச் சுட்டதாம், வேர்வை ஒரு சொட்டு இல்லையாம். ஓட்டோவில் ஏற்றி ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் அப்போது கொழும்பில் வேலை. அப்பா போனில் "கொம்மா கண் முழிக்கிறா இல்லை" என்றார். அதற்குப் பிறகு ஓட்டோ இரையும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா அன்று பின்னேரம் முழித்துவிட்டார். ஆனால் அடுத்த நாள் நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கூப்பிட்டுச் சொன்னது எனக்கு மனப்பாடம்: இன்னொருமுறை இப்படி வெக்கை பிடித்தால் திரும்பி வருவது சந்தேகம். அதைக் காதால் கேட்டவள்தான் இந்த டிக்கெட்டைப் போட்டவள். சோளகத்தை நம்பிப் போட்டேன்.

ஆனி பிறந்தது. காற்றைக் காணவில்லை. நான் பால்கனிக் கதவைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்ப்பேன். அடுப்புக்குள் கையை விட்ட மாதிரி இருக்கும். உடனே பூட்டிவிடுவேன். நாளைக்குத் தொடங்கும், நாளை மறுநாள் தொடங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியான வெயிலில் வெளியே வேலை செய்யக்கூடாது என்று அரசாங்கமே சட்டம் போட்டிருப்பதாகச் சுதன் சொன்னார். மத்தியானத்தில் அவருடைய ஆட்கள் எல்லோரும் கட்டடத்துக்குள் நிழலில் படுத்துக் கிடப்பார்களாம். ஒருநாள் அவர் வேலையால் வந்து, உப்புப் பூத்த சேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, கரீஃப் எப்ப தொடங்கும்? காத்தொண்டையும் காணேல்லை."

சேட் பாதி கழன்றபடி நின்றது. "எந்தக் கரீஃப்?"

"மழை, மூடுபனி, அந்தக் கரீஃப்."

"நிரு, உது சலாலாவில. இஞ்சயிருந்து கார் ஓடினால் நாள் முழுக்க ஓடவேணும். நடுவில முழுக்க வனாந்தரம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரிப்பை நிற்பாட்டிவிட்டார். "நீர் மாமிக்கு என்னண்டு சொன்னனீர்?"

ஆடியில் இங்கே சோளகம் என்று அம்மாவிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். "அது எங்கட சோளகமேதான்," என்றார் அவர், ஏதோ ஆறுதல் போல. "ஆனால் தெற்குக் கரையோட நிண்டிடும். இஞ்சால வராது."

ஒரே கடல், ஒரே காற்று. தெற்கே ஒரு மூலையில் மாட்டுக்குப் புல்லு வளர்க்கிறது, என் ஊரில் உடுப்புக் கொடியை அறுக்கிறது, நான் இருக்கும் இடத்துக்கு மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை. கூகிளில் அந்தப் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் கீழே சலாலா, சலாலா என்றுதான் இருந்தது.

அடுத்த முறை கிளினிக்கில் ஸல்மாவைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும். யூ டோல்ட் மீ ஜூலை! அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வாயில் கை வைத்தாள். நான் உல்லாசப் பயணத்துக்குக் கேட்கிறேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். கோடைக்கு அவர்களே குடும்பத்தோடு சலாலாவுக்குத்தான் ஓடுவார்களாம். "மஸ்கட் ஜூலை? நோ! நோபடி கம்!" என்றாள், ஏதோ நான் பகிடி விட்டது போல. பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். ஸல்மாவின் முகம் மாறியது. "ஹபீப்தி, பேபி டோண்ட் ஆஸ்க் சீசன்," என்றாள். இங்கேயும் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் காவலாம், அவளுடைய மூன்று பிள்ளைக்கும் அவளுடைய தாய்தான் இருந்தாளாம். அதைச் சொல்லிவிட்டு அழுத்தப் பட்டியை என் கையில் சுற்றினாள். அன்றைக்கு எனக்கும் பிரஷர் கூடத்தான் காட்டியது.

இனி அம்மாவைத் தடுக்க வேண்டும். எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்து ஒரு பின்னேரம் எடுத்தேன். எங்கட வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார்கள், அப்பா பக்கத்தில் இருமுவது கேட்டது.

"அம்மா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். இஞ்ச சோளகம் இல்லை. அது வேற ஊரிலயாம்."

"காத்தெண்டால் எல்லா இடமும்தானே போகும். காத்துக்கென்ன விசாவே கேக்கினம்?"

"அம்மா, பகிடி இல்லை. நாப்பத்தாறு அடிக்குது. காண்டாவனத்தில எங்களுக்கு முப்பத்தஞ்சு, முப்பத்தாறுதான். நீங்கள் வரவேண்டாம். தையில வாங்கோ, பிள்ளைக்கு அஞ்சு மாசமாயிருக்கும், வடிவா எல்லா இடமும் பாக்கலாம்."

"நான் உங்க இடம் பாக்கவே வாறன்?"

"நான் சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோ."

"நீ விசரி. வீட்டுக்குள்ள குளிர் மிசின் இருக்கெண்டு நீதானே சொன்னனீ. நான் என்ன ரோட்டிலயே படுக்கப்போறன்?" பிறகு ஏதோ நினைவு வந்தவர் போல: "ஆனால் பிள்ளை பிறந்தாப் பிறகு உந்த மிசினை நிப்பாட்டிப் போடவேணும். பெத்த உடம்பில காத்துப் படக்கூடாது."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "மிசினை நிப்பாட்டினால் பெத்தவளும் சாவாள், பிள்ளையும் சாகும், நீங்களும்தான்!" என்று கத்தினேன். சொல்லக்கூடாத சொல்லு. அப்பாவின் இருமலும் நின்றுவிட்டது.

அம்மா பிறகு பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது. "நான் உன்னைப் பெறேக்க என்னோட ஒருத்தரும் இல்லை, தெரியுமே உனக்கு?"

தெரியும், ஆனால் ஒரு தகவலாகத் தெரியும். யுத்த இடப்பெயர்வுக்குள் வன்னியில்தான் நான் பிறந்தேன். அம்மாவுடைய ஆட்கள் எல்லோரும் தீவுக்குள். நடுவில் இராணுவம்.

"உன்ர அப்பாவை ஆஸ்பத்திரி வாசலோட மறிச்சுப்போட்டினம். எனக்கு ஒரு கை பிடிக்கக்கூட ஆளில்லை. கட்டில் கம்பியைத்தான் பிடிச்சனான். என்ர அம்மா வரமாட்டாவோ வரமாட்டாவோ எண்டு கத்தினனான். எப்பிடி வாறது? பாதை பூட்டு." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்குப் பாதை பூட்டு, பிள்ளை. உனக்குப் பாதை திறந்து கிடக்கு. வெயிலைச் சாட்டி நீ பூட்டாத."

பாதை பூட்டு. எங்கள் ஆட்களிடம் இந்த இரண்டு சொல்லைச் சொன்னால் பிறகு ஒருவரும் வாதாடமாட்டார்கள். செத்த வீட்டுக்கு வராததற்கும், கலியாணம் குழம்பியதற்கும், மருந்து கிடைக்காததற்கும் அதுதான் கடைசிப் பதிலாக இருந்தது. என் வயதுக்காரர் அதைக் கேட்டு வளர்ந்தோம், பட்டு வளரவில்லை. நான் போனை வைத்துவிட்டு மிசினின் கீழே போய் நின்றேன். அம்மா வந்தால் ஒரு பயம், வராவிட்டால் மற்றப் பயம். தேர்ந்தெடுக்கிற உரிமை எனக்கு இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது இருக்கவில்லை. அம்மா ஏற்கனவே பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கிற சரக்குத்தூள் இடித்து வைத்துவிட்டாராம்.

அதிலிருந்து நான் வெயிலோடு கணக்குப் பார்க்கிறவளாகிவிட்டேன். டிக்கெட் விடியப்புறம் இறங்குகிற பிளேனுக்குத்தான் போட்டிருந்தோம். அந்த நேரம் வெளியே முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு. புங்குடுதீவுக்காரிக்கு அது ஒன்றுமில்லை. வாசலில் இருந்து கார் வரை ஒரு நிமிட நடை, காருக்குள் ஏசி, கட்டடத்துக்குக் கீழே நிழலில் பார்க்கிங், பிறகு லிஃப்ட். இதில் எந்த இடத்தில் பிழைக்கும் என்று இரவு பகலாக யோசித்தேன். கார் ஏசி பழுதானால்? லிஃப்ட் நின்றால்? அம்மா பெட்டியைத் தானே தூக்குவேன் என்று அடம்பிடித்தால்? வழியில் தண்ணீர் குடிக்காமல் வந்தால்? குடிக்கமாட்டார். பிளேனில் கழிவறைக்குப் போகப் பயம் என்று காலையில் இருந்தே தண்ணீரை விட்டுவிடுவார், எனக்கு அம்மாவைத் தெரியும். கொழும்பில் ஏற்றிவிடப் போன சித்தப்பாவிடம் கெஞ்சினேன், இரண்டு போத்தில் குடிக்கவைத்துத்தான் உள்ளே விட வேண்டும் என்று. "அவ ஒரு முறடு குடிச்சிட்டு மூடிப்போட்டா, நான் என்ன செய்ய?" என்றார்.

பிளேன் பிந்திவிட்டது. ஏதோ பழுதாம். அம்மாவை இருட்டோடு உள்ளே விட்டுவிட்டுச் சித்தப்பா திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு தகவல் பலகையைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியாது. விடியப்புறம் இறங்க வேண்டியது உச்சி மத்தியானத்தில் இறங்குகிறது. நான் பயந்து பயந்து பார்த்துவைத்த கணக்கு எல்லாம் ஒரு வரி அறிவித்தலில் முடிந்தது. என்னை நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சுதன் வரவேண்டாம் என்று சத்தம் போட்டார். நான் வந்து காருக்குள் ஏறிவிட்டேன், இறக்க அவரால் ஏலவில்லை.

இதை விமான நிலையத்தின் வருகை மண்டபத்தில் இருந்துதான் போனில் அடித்துக்கொண்டிருக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுதன் காரை நிற்பாட்டாமல் ஏசியைப் போட்டபடி வாசலுக்குக் கிட்டக் கொண்டுவந்து வைத்திருக்கிறார், காவல்காரர் வந்து துரத்தத் துரத்த ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். என் மடியில் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தில்கள், ஈரத் துவாய். போன் திரையில் இரண்டு ஊர் வெப்பநிலை வைத்திருக்கிறேன். விரலால் இடது பக்கம் தள்ளினால் மஸ்கட், வலது பக்கம் தள்ளினால் ஊர்காவற்றுறை. அம்மா இரண்டிலும் இல்லை. இரண்டையும் மாறி மாறித் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

சற்று முன் அப்பா எடுத்தார். வளவில் நின்றுதான் எடுத்திருக்க வேண்டும், போனுக்குள் இரைச்சல் தாங்க முடியவில்லை.

"கொம்மா வந்திட்டாவே?"

"இன்னும் இல்லையப்பா. அது என்ன சத்தம்?"

"காத்து, பிள்ளை. இண்டைக்கு இஞ்ச நல்ல சோளகம். பனையெல்லாம் முறியுமாப்போல கிடக்கு."

நான் வைக்கவில்லை. அப்பாவும் வைக்கவில்லை. இரண்டு பேரும் போனை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் வெளிக்கதவு தானாகத் திறந்து மூடும். யாராவது வெளியே போகும்போதெல்லாம் மஸ்கட்டின் அனல் உள்ளே பாய்ந்து வந்து என் முகத்தில் அடித்தது. காதுக்குள் புங்குடுதீவுச் சோளகம் இரைந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் என் வயிற்றுக்குள் ஒன்று காலை உதறியது. அது எந்தக் காற்றின் பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை.

கொழும்புப் பிளேனில் வந்தவர்கள் வெளியே வரத் தொடங்கிவிட்டார்கள். தள்ளுவண்டிகள், பெட்டிகள், சிங்களத்தில் ஒரு குடும்பம், வேலைக்கு வந்த பெடியன்கள். ஒருவரிடம் அம்மாவின் படத்தைக் காட்டிக் கேட்டேன். பார்த்த ஞாபகம் இல்லை என்றார். இன்னொரு பெண், பின்னால் ஒரு அம்மாவைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றாள். எந்த நிறச் சேலை என்று கேட்பதற்குள் அவளை அவளுடைய ஆட்கள் கட்டிப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே விடமாட்டார்கள். கேட்டுப் பார்த்தேன், கையை மட்டும் ஆட்டுகிறார்கள்.

அம்மாவின் போன் ஓஃப். வெளியே நாற்பத்தேழு. அம்மா இன்னும் வரவில்லை.